குடிவழிப் பெயரடைவும் பழைய வாழ்க்கைக் குறிப்புகளும்

உறவினரைப் பேணி வாழும் அளவுக்கேனும் ஒருவர் தம் குடிவழியை அறிந்திருத்தல் வேண்டும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வளர்ப்புப் பிள்ளைகளையும் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைத்தல் வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. குடிப்பெருமை பேசுவதைக் கண்டித்த நம் மார்க்கம், குடிவழியைத் திரித்துரைப்பதையும் அதே கடுமையோடு கண்டித்துள்ளது. பெருமைக்காக அறிவது வேறு, கடமைக்காக அறிவது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் வாணிபத்தால் நிலைபெற்ற குடும்பங்கள் பல. அவற்றின் இன்றைய தலைமுறையினர் தம் முன்னோரைத் தேடத் தொடங்கும்பொழுது முதலிற் கைக்கு எட்டுவன பழைய மாவட்ட நூல்களும், வணிகப் பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுதிகளும், பள்ளி கல்லூரிகளின் விழா மலர்களுமே. அவற்றில் வரும் பெயர்களைத் தொகுத்து அகர வரிசைப்படுத்தினால் குடிவழிப் பெயரடைவு ஒன்று உருவாகிவிடும் என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணம் பாதி சரியானது. அக்குறிப்புகள் எத்தகையவை, எவரைச் சொல்லி எவரை விட்டன என்பதை ஆராயாமல் ஆக்கப்படும் அடைவு, அவற்றின் குறைகளுக்கு நிலைபேறு அளித்துவிடும். பெயரடைவு ஆக்குவதும் ஒரு திறனாய்வுப் பணியே என்பது ஈண்டு நாம் நிறுவ விழைவது.

அமெரிக்கர் கண்ட வழி

இத்துறையில் அமெரிக்கர் அனுபவம் கருதத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் மாவட்டந்தோறும் வரலாற்று நூல்கள் பெருகின. முற்பகுதியில் நிலவளமும் ஊர் வரலாறும். பிற்பகுதியில் உழவர், வணிகர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகள். முன்பணம் கட்டி நூலை வாங்க ஒப்பியவர்களே பெரும்பாலும் இக்குறிப்புகளுக்கு உரியவராயினர். குறிப்புக்கு வேண்டிய செய்தியைத் தந்தவர்களும் அவர்களே. ஆதலின் குற்றம் சொல்லும் குறிப்பு ஒன்றையும் அந்நூல்களிற் காண்பது அரிது.

இந்நூல்களிற் பல, பெயரடைவு இல்லாமலோ குறையுள்ள அடைவோடோ வெளிவந்தவை. பின்வந்தோர் அக்குறையை நிரப்ப முயன்றனர். கலிபோர்னியாவின் 19-ஆம் நூற்றாண்டு மாவட்ட வரலாறுகளுக்கு ஜே. கார்லைல் பார்க்கர் என்பார் 1979-இல் ஓர் அடைவு வெளியிட்டார். பெரும்பயன் தரும் உழைப்பு அது. எனினும் வாழ்க்கைக் குறிப்புக்கு உரியவராக இடம்பெற்றோருக்கான அடைவு என்பதை அதன் தலைப்பே கூறிவிடுகிறது. குறிப்பினுள்ளே ஒரு வரியில் வந்து மறையும் மனைவி, மாமனார், தங்கை, கூட்டாளி ஆகியோரைத் தேடுவோர் மூலநூலையே புரட்ட வேண்டும். குடிவழி தேடுவோர்க்கோ வேண்டப்படுவோர் அவர்களே. தலைப்புக்குரியவரை மட்டும் அடைவிற் சேர்ப்பது கிளைகளை வெட்டிவிட்டு மரத்தை எண்ணுவது போன்றது.

நம் கைக்கு எட்டும் நூல்கள்

வடஆர்க்காடு மாவட்டத்திற்கு ஆர்தர் காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய கையேடு 1881-இல் வெளிவந்தது. எச். ஏ. ஸ்டூவர்ட் அதனைத் திருத்தி விரித்து இரு பகுதிகளாக்கினார். அப்பணி 1895-இல் நிறைவுற்றது. இவை அரசினர் ஆட்சிக்காக எழுதப்பெற்றவை. ஷைகு, ஸையித், பட்டாணி, லெப்பை என முஸ்லிம்கள் இங்கே வகை வகையாக எண்ணப்படுகின்றனர். தொழிலும் வழக்கமும் பொதுப்படச் சொல்லப்படுகின்றன. நவாபுகள், ஜாகீர்தார்கள் போன்றோரை விடுத்தால், பெயருள்ள தனி மனிதரைக் காண்பது கடினம். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய நூலும் இவ்வகையினதே. இவற்றிலிருந்து குடிவழி அடைவு எடுக்க முயல்வோர்க்குச் சமுதாயம் கிட்டும், பாட்டனார் கிட்டமாட்டார்.

இதற்கு நேர்மாறான வகை 1914–15-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த சாமர்செட் பிளேனின் தென்னிந்தியா பற்றிய பெருநூல். அமெரிக்க மாவட்ட நூல்களுக்கு நம்மிடம் மிக நெருங்கிய உறவுடையது இதுவே. 700 பக்கங்களைக் கடந்த இத்தொகுதியில் சமஸ்தான மன்னர், ஜமீன்தார், வணிக நிறுவனத்தார் ஆகியோரின் குறிப்புகள் நிழற்படங்களோடு இடம்பெறுகின்றன. 1930-களில் கொச்சியிலிருந்து வெளிவந்த ‘சென்னை மாகாணத்தில் யார் எவர்’ வரிசை இதன் சுருங்கிய வடிவம் எனலாம். இவற்றிலே பெயர் உண்டு, படம் உண்டு, பட்டமும் பதவியும் உண்டு. வசதி படைத்தோர் தவிர ஏனையோர் இல்லை.

காலத்தையும் நோக்க வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது, படைவீரர் காலணிக்காகச் சென்னை மாகாணத்து ஆவாரம்பட்டைத் தோலை ஆங்கில அரசே வாங்கியது. அப்போரினால் உயர்ந்த குடும்பங்களைப் போருக்கு முன் திரட்டப்பட்ட தொகுதியில் தேடிக் காணாது, ‘எம் பாட்டனார் அக்காலத்தில் வாணிபமே செய்யவில்லை போலும்’ என முடிவு கட்டுதல் பிழை. அடைவில் ஒரு பெயர் இல்லாமை அம்மனிதர் இல்லாமைக்குச் சான்றாகாது.

மூன்றாவது வகை நம்மவர் தாமே வெளியிட்ட விழா மலர்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் 1924-இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இலும் தொடங்கப்பெற்றவை. இத்தகைய நிறுவனங்களின் மலர்களில் வரும் கொடையாளர் குறிப்புகள் குடும்பத்தாரின் நினைவிலிருந்து எழுந்தவை. ஆங்கிலத் தொகுதிகளில் இல்லாத உறவுச் செய்திகள் இவற்றிலே கிடைக்கும். நன்றியுணர்வால் எழுதப்பட்டவை என்பதே இவற்றின் சிறப்பும் வரம்பும்.

இம்மூவகைக் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் ஓர் அச்சில் வார்த்தாற் போன்ற நடையைக் காண்பர். இளமையில் வறுமை அல்லது நற்குடிப் பிறப்பு. இடையில் உழைப்பும் நாணயமும். பின்னர் பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனைக்கு அளித்த நன்கொடை. இறுதியில் ‘மக்கள் நால்வர்’ என்றொரு வரி. அந்நால்வரும் ஆண்களாகவே இருப்பர்; மகளிர் எத்தனை பேர் என்பது தெரியாது. தோல் வாணிபமோ ஒருவர் தனித்து நடத்தக்கூடிய தொழிலன்று. பச்சைத்தோல் கொள்முதல் ஓர் ஊரில், பதனிடும் தோல்ஷாப் மற்றோர் ஊரில், மண்டி சென்னைப் பெரியமேட்டில், ஏலம் இலண்டனில் என விரிந்து கிடந்த தொழிலில், அண்ணன் தம்பி, மைத்துனன், சம்பந்தி என்ற உறவுகளே நம்பிக்கைக்கு ஈடாக நின்றன. வாழ்க்கைக் குறிப்பு அவ்வுறவு வலையை அறுத்து ஒருவரை மட்டும் தனியே நிறுத்துகிறது. அறுந்த இழைகளை மீண்டும் முடிவதே பெயரடைவின் கடமை.

ஒரே பெயர், பல மனிதர்

நம் குடும்பங்களில் மூத்த பேரனுக்குப் பாட்டனாரின் பெயரை இடும் வழக்கம் பரவலாக உண்டு. இதன் விளைவு யாதெனில், இரண்டு பெயர்கள் மாறி மாறித் தலைமுறைகளைக் கடந்து வருகின்றன. வேலூர் ஹஜ்ரத் மக்கான் குடும்பமே இதற்குச் சான்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அப்பெரியார்களின் வரிசையை நோக்குக: ஸையித் ஷா அபுல் ஹஸன், அவர்தம் மகனார் அப்துல் லத்தீஃப், அவர்தம் மகனார் அபுல் ஹஸன், அவர்தம் மகனார், குத்பெ வேலூர் எனப் போற்றப்படும் அப்துல் லத்தீஃப். பெயரை மட்டும் அடைவில் ஏற்றினால் நால்வர் இருவராகிவிடுவர். ஒருவரே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து நூல் எழுதியதாகவும் தோன்றும். குர்பீ, ஸௌக்கீ, மஹ்வீ என்ற புனைபெயர்களே முன்னைய மூவரையும் பிரித்துக் காட்டுகின்றன. பார்ஸி, உருதுக் கவிஞர்களைப் பற்றிய தஸ்கிரா நூல்கள் புனைபெயர் வரிசையில் அமைவதன் பயன் இதனால் விளங்கும்.

ஆலிம்களுக்குத் தஸ்கிராக்கள் இருந்தன. முஹம்மது யூசுஃப் கோகன் உமரீ அவர்கள் 1974-இல் வெளியிட்ட, கர்நாடகத்தில் அரபியும் பார்ஸியும் பற்றிய ஆராய்ச்சி நூலும் இருக்கிறது. கடற்கரை ஊர்களின் ஆலிம்களையும் ஷைகுமார்களையும் பற்றித் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்களின் நூல் 1993-இல் வெளிவந்தது. தோல் வணிகர்க்கு அத்தகைய தஸ்கிராவும் இல்லை, புனைபெயரும் இல்லை. பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்தும் தந்தை, பாட்டனார் பெயர்களோடு சேர்ந்தே சுழல்வதால் அதனை மட்டும் நம்பியும் பயனில்லை.

பெயருக்குப் பின் நிற்கும் சொல்லும் ஏமாற்றக்கூடும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் ‘பாகவி’; லத்தீஃபிய்யாவில் ஓதியவர் ‘லத்தீஃபி’; உமராபாத்தில் ஓதியவர் ‘உமரீ’. இவை கல்விக்கூடத்தின் முத்திரைகள். குடும்பப் பெயர்கள் ஆகா. இதனை அறியாதார் அடைவு ஆக்கினால், குமரி முதல் வேலூர் வரை உள்ள பாகவிகள் அனைவரும் ஒரே குடும்பத்தாராகிவிடுவர். மறுபுறம், காகா முஹம்மது உமர் என்ற பெருவணிகரின் பெயரால் உமராபாத் என்ற ஊர் எழுந்தது. ஊரின் கல்விக்கூடத்தால் ‘உமரீ’ என்ற பட்டம் எழுந்தது. மனிதர் பெயர் ஊராகி, ஊர்ப்பெயர் பட்டமாகிய இவ்வரலாற்றை அடைவில் ஓர் அடிக்குறிப்பு விளக்கிவிடும். விளக்காவிடில் அது வழுவுக்கு வாயிலாகிவிடும்.

எழுத்தாலும் தொல்லை உண்டு. ஒரே மனிதர் நிக்காஹ் பதிவேட்டில் உருதுவிலும், கிரயப் பத்திரத்தில் தமிழிலும், வாழ்க்கைக் குறிப்பில் ஆங்கிலத்திலும், மீஸான் கல்லில் அரபியிலும் காணப்படுவார். வடவெழுத்து விலக்கிய பழைய தமிழ் அச்சில் ‘சாகிர்’ என்றிருப்பது இறைவனை நினைவுகூரும் தாகிராகவும் இருக்கலாம். நன்றி செலுத்தும் ஷாகிராகவும் இருக்கலாம். அரபி எழுத்தில் இரண்டும் வெவ்வேறு. ஆதலின் அரபி வடிவத்தைத் தலைச்சொல்லாக வைத்து, பிற வடிவங்களை ‘காண்க’ எனச் சுட்டுவதே முறை.

ஊரும் ஆண்டும்

வாணியம்பாடிக் குடும்பம் ஒன்றை வடஆர்க்காட்டுக் கையேட்டில் தேடுவோர் ஏமாறுவர். அவ்வூர் அடங்கிய திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. லெஃபானு 1883-இல் எழுதிய சேலம் கையேட்டையே அவர் புரட்ட வேண்டும். ஆம்பூரோ அக்காலத்திலும் வடஆர்க்காட்டைச் சார்ந்தது. சில கல் தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள், கொள்வினை கொடுப்பினையால் பிணைந்த குடும்பங்கள், இரண்டு மாவட்ட நூல்களிற் பிரிந்து கிடக்கின்றன. 1989-இல் வடஆர்க்காடு பிரிக்கப்பட்டது. 2019-இல் வேலூர் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அமைந்தன. மாவட்டத்தை வைத்து அடைவை வகுத்தால் உறவு சிதறும். ஊரை வைத்து வகுப்பதே தக்கது.

ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு வேண்டும். ஓர் ஏட்டில் ‘1300’ என்று மட்டும் இருக்கிறது எனக் கொள்வோம். ஹிஜ்ரி 1300 கி.பி. 1882 நவம்பரில் தொடங்கியது. வரித்துறைப் பத்திரங்களில் வழங்கும் பசலி 1300 என்பதோ 1890 ஜூலையில் தொடங்கியது. எட்டாண்டு வேறுபாடு, ஒருவரின் மறைவுக்குப் பின் அவருக்குப் பிள்ளை பிறந்ததாகக் காட்டிவிடும். ‘பார்த்திப வருடம்’ என்றால் 1885-ஆ, 1945-ஆ என்பதைச் சூழல் கொண்டே துணிய வேண்டும். மூலத்தில் உள்ள ஆண்டை உள்ளவாறே எழுதி, ஒப்பிட்டுக் கண்ட ஆண்டைப் பக்கத்தில் தனியே குறிப்பவரே நம்பத்தக்க தொகுப்பாளர்.

நம் முன்னோர் வகுத்த இலக்கணம்

இச்சிக்கல்களைத் தீர்க்க நாம் பிறரிடம் கையேந்த வேண்டுவதில்லை. நபிமொழி அறிவிப்பாளர்களை ஆராயும் இல்முர் ரிஜால் கலை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்விலக்கணத்தை வகுத்துவிட்டது. ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ அவர்கள், பெயரால் ஒன்றுபட்டு ஆளால் வேறுபட்டோரைப் பிரித்தறிவதற்கென்றே தனிநூல் இயற்றினார்கள். ஹிஜ்ரி 852-இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அவர்கள், நபித்தோழர்களைப் பற்றிய ‘இஸாபா’ நூலில் ஒவ்வோர் எழுத்தையும் நான்கு பிரிவாக்கி, தோழர் எனத் தவறாகச் சொல்லப்பட்டோரை நான்காம் பிரிவில் வைத்தார்கள். தவறான பெயரை வாளா நீக்கிவிடாமல், தவறு என்ற குறிப்போடு பதிவு செய்தமை எண்ணியெண்ணி வியக்கத்தக்கது. நீக்கியிருந்தால் பின்வருவோர் அதே தவற்றைப் புதிதாய்க் கண்ட உண்மைபோல் மீண்டும் சேர்த்திருப்பர்.

இவ்விரு நூல்களும் நமக்குத் தரும் பாடம் இரண்டு. முதலாவது, தந்தை பெயர், ஊர், காலம் மூன்றும் பொருந்தினாலன்றி இரு பெயர்களை ஒருவராக்குதல் கூடாது. பிரிந்து நிற்கும் ஒருவரைப் பின்னர் இணைத்தல் எளிது. தவறாக இணைந்துவிட்ட இருவரைப் பிரித்தல் அரிது. இரண்டாவது, சான்றில்லாத குடிவழிக்கென ஒரு தனிப்பகுதி வேண்டும். அரபு நாட்டிலிருந்து வந்த இன்னாரின் வழியினர் என்று ஒரு மலர் கூறுமாயின், கூறியது எந்த மலர், எந்த ஆண்டு, இடைத்தலைமுறைகளுக்குச் சான்று உண்டா என்பவற்றோடு அப்பகுதியில் அதனை எழுதுக. குடும்பத்தார் மனம் நோகும் என்று அதை முதற்பகுதியில் ஏற்றுதல் இரக்கமாகாது. வருங்காலத்தார்க்கு இழைக்கும் தீங்காகும்.

விடுபட்டோர்

ஹிஜ்ரி 230-இல் மறைந்த இப்னு ஸஅத் அவர்கள், தம் ‘தபகாத்’ நூலின் இறுதித் தொகுதியைப் பெண்மணிகளுக்கே ஒதுக்கினார்கள். பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நம் வணிகர் குறிப்புகளில் பெண்மணிகள் பெயரற்றவர்கள். ‘நற்குடிப் பெண்ணை மணந்தார்’ என்பதோடு எழுதுகோல் நின்றுவிடுகிறது. மறைப்பும் கண்ணியமும் கருதி விட்டதாகச் சிலர் கூறலாம். நபியவர்களின் துணைவியர், புதல்வியர் பெயர்களைச் சிறு குழந்தையும் ஓதும் சமுதாயத்தில் அக்காரணம் நில்லாது.

இது வெறும் நயத்தகு குறையாயின் பொறுத்துக்கொள்ளலாம். குடிவழிப் பட்டியல் நம்மிடையே சொத்துரிமைக்கும் சான்றாகும் ஏடு. மகனுக்குரியதிற் பாதி மகளுக்கு உண்டு என்பது மாற்றவியலாத சட்டம். குடும்பத்தாருக்கென ஏற்படுத்தும் வக்ஃபு செல்லாது என 1894-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்ததும், முஸ்லிம்கள் அதனை எதிர்த்து வாதாடி 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெற்றதும் வரலாறு. அத்தகைய வக்ஃபில் இன்னார் பயனடைவோர் என நாட்டுதற்குக் குடிவழி வேண்டும். ஆண்களை மட்டும் எழுதிய மலரைப் பார்த்து ஆக்கப்பட்ட அடைவு, அடைவைப் பார்த்து வரையப்பட்ட கொடிவழிப் படம், படத்தைப் பார்த்து நிகழ்ந்த பாகப் பிரிவினை என்று வழு வளர்ந்தால், ஒரு மலராசிரியரின் மௌனம் ஒரு பேத்தியின் பங்கைப் பறித்துவிடும். அடைவு தொகுப்போர் தம் பணியின் கனத்தை உணர இவ்வொன்று போதும்.

பரிகாரம் நம் ஊர்களிலேயே உள்ளது. ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் மணமகளின் பெயர், தந்தையார் பெயர், மஹர் தொகை, வலீ, சாட்சிகள் ஆகிய அனைத்தும் எழுதப்பெறுகின்றன. வாழ்க்கைக் குறிப்பில் ஒருவர் ‘மணந்தார்’ என்று கண்டவுடன், அம்மணத்தைப் பதிவேட்டில் தேடி, மணமகளின் பெயரைத் தனித் தலைச்சொல்லாக அடைவில் ஏற்றுதல் வேண்டும். பெயர் கிட்டாதவிடத்து ‘இன்னாரின் மனைவி, பெயர் தெரியவில்லை’ எனத் தலைச்சொல் அமைத்து இடம் விடுக. காலியான அவ்விடமே பின்னால் அறிந்தவர் ஒருவரைப் பேசத் தூண்டும்.

இன்னொரு கூட்டத்தாரும் விடுபட்டனர். சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் இறங்கி உழைத்த தொழிலாளர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்து மக்கள், ‘நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை அளித்தார்’ என்ற புகழ்ச்சித் தொடரில் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளரை நாயகராக்கி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கதைக்கலை செய்த அப்பணியைப் பெயரடைவுக் கலையும் தன் வழியிற் செய்யலாம். மேஸ்திரி, கணக்கப்பிள்ளை, வண்டிக்காரர் ஆகியோரின் பெயர்கள் பத்திரங்களில் சாட்சிக் கையொப்பமாகவும், பழைய சம்பளக் கணக்குகளிலும் தென்படும். முதலாளி குடும்பத்தின் அடைவில் அவர்களுக்கு இடமில்லை என்பாரும் உளர். ஒரு தோல்ஷாப்பின் வரலாற்றில் இடம்பெறுதற்கு அவர்களினும் உரிமையுடையார் எவர்?

பழைய வாழ்க்கைக் குறிப்புகளை நாம் இகழவில்லை. அவை இல்லையேல் தேடலுக்குத் தொடக்கமே இராது. நிழற்படம் ஒன்று, பிறந்த ஆண்டு ஒன்று, தொழில் தொடங்கிய ஊர் ஒன்று என அவை தரும் துணுக்குகளுக்கு நன்றியுடையோம். அவை சொல்லும் செய்தியைச் சாட்சியாக ஏற்கலாம். தீர்ப்பாக ஏற்றல் ஆகாது. சாட்சி எவர், எவர் பொருளில் பேசினார், எதைச் சொல்லாது விட்டார் என்று வினவுவது நம் ஹதீஸ் கலை கற்பித்த நெறி.

வசதியுள்ள குடும்பங்கள் தத்தமக்குத் தனித்தனியே கொடிவழிப் படம் அச்சிடுவதைக் காட்டிலும், ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன் ஊருக்கு ஒரே அடைவைத் தொடங்குதல் நலம். கல்லூரிகளின் தமிழ், உருது, வரலாற்றுத் துறையினர் கைகொடுத்தால் பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் இப்பணி நிறைவேறும். எங்கிருந்து தொடங்குவது என வினவுவோர்க்கு நம் விடை இது: அச்சான நூல்களின் பெயர்கள் அச்சிலேயே காத்திருக்கும்; முதியவர்களின் நினைவு காத்திராது. இன்று வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் அமர்ந்து, அவர்தம் தாயார் பெயரையும் பாட்டியார் பெயரையும் கேட்டு முதலில் எழுதுக.